லிங்கேர் வீட்டுச் சாம்பல் மேடு

தியாக்காவில் அரசர்களுக்குக் கல்லறை இருக்கிறது. அவர்களைப் பாடியவர்களுக்கு, அவர்களின் முன்னோரின் எலும்பைத் தங்கள் பொந்தில் வாங்கிக்கொண்ட பாவோபாப் மரங்கள் இருக்கின்றன. குதிரையேறிப் போருக்குப் போனவர்களுக்குப் பாட்டில் பெயர் இருக்கிறது. சமைத்துப் போட்டவர்களுக்கு என்ன இருக்கிறது என்று யாராவது டிபோரிடம் கேட்டுவிட்டால், அவள் தன் சாப்பாட்டுக் கடை வாசலிலிருந்தே கரண்டியை நீட்டி, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் மேட்டைக் காட்டுவாள்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சாம்பல் நிறம், இரண்டு ஆள் உயரம், உச்சியில் நோஞ்சான் வேலமரம், ஆடுகள் ஏறி இறங்கிய தடம். மழை பெய்தால் ஓரம் கரைந்து உள்ளே இருப்பது தெரியும்: உடைந்த சட்டியின் விளிம்பு, மீன்முள், மாட்டெலும்பு, கருகிய கம்புத் தவிடு. எல்லாம் லிங்கேர் வீட்டு அடுப்பிலிருந்து வந்தவை. அரசரைப் பெற்றவளுக்கு, அல்லது அவரோடு பிறந்தவளுக்கு, தியாக்காவைத் தலைநகராகக் கொண்ட பழைய சீன் நாடு கொடுத்த பட்டம்தான் லிங்கேர். தகப்பன் பெயர் என்னவாக இருந்தாலும் தாயின் ரத்தம்தான் ஒருவனை அரசனாக்கும் என்றிருந்த நாட்டில் அது வெறும் அலங்காரப் பட்டம் அல்ல. லிங்கேருக்குத் தனி வீடு, தனி வயல், தனி அடுப்படி. அரசரிடம் காரியம் ஆகவேண்டும் என்று வந்தவன் முதலில் அவள் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். அந்த அடுப்படியில் கம்பு இடித்த பெண்களின் தாய்வழியில் வந்தவள் டிபோர்.

"ஏண்டி, குப்பைமேட்டுக்கு இவ்வளவு பெருமையா?" என்பாள் சீகா. சீகா பாடகர் குடும்பத்துக்காரி. கல்யாணம், பெயர் வைப்பு, மல்யுத்தம் எதுவானாலும் அவள் குரல் இல்லாமல் தியாக்காவில் நடக்காது. மத்தியானச் சாப்பாடு டிபோர் கடையில்தான். "அரசர் பரம்பரையப் பாடச் சொன்னா மூச்சு விடாமப் பாடுவேன். உன் பரம்பரையப் பாடச் சொன்னா என்னத்தப் பாடுறது? ரெண்டு தடவ இருமிட்டு உக்காந்துருவேன்."

"இருமினாப் போதும்டி. எங்க அடுப்புப் புகைக்கு அதான் சரியான பாட்டு" என்பாள் டிபோர்.

கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சீகாவும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு கேட்பாள்.

தியாக்காவ் இப்போது சின்ன ஊர். தலைநகராக இருந்ததற்கு அடையாளம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கடைசி அரசர் கண்ணை மூடியதோடு அந்தச் சிம்மாசனம் ஓய்ந்தது. பெரிய அலுவலகங்கள் எல்லாம் ஃபாத்திக்கில். பெரிய சம்பளமெல்லாம் டக்காரில். ஆனால் டக்காரில் பேருந்துக்கு நிற்கும் ஒரு தியாக்காவ்காரனிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் முதுகை நிமிர்த்துவான். வாடகை பாக்கி இருந்தாலும் நிமிர்த்துவான்.

டிபோருக்கும் அந்த முதுகு உண்டு. அதோடு உலக்கை பிடித்துத் திரண்ட கைகளும், தெருக்கோடி வரை கேட்கும் தொண்டையும். கணவன் லத்தீர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். ஒரு வருடம் நிலக்கடலை பொய்த்துப்போனபோது டக்காருக்குக் காவல்காரர் வேலைக்குப் போனார். மழைக்காலத்தில் விதைக்க வருவார், அறுத்துவிட்டுப் போவார். அவர் முதல்முறை பேருந்து ஏறிய வாரமே டிபோர் தன் அம்மாவின் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் போய் உட்கார்ந்தாள். கம்பு மாவை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, அதன்மேல் நிலக்கடலையும் முருங்கைக் கீரையும் கருவாடும் போட்ட குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். கடலை ஏற்ற வந்த லாரிக்காரர்கள் நின்றார்கள்.

வீட்டில்தான் பிரச்சினை. "அரசருக்குச் சோறு போட்ட கை. அதக் கொண்டுபோய் ரோட்டுல விக்கிறியே" என்று அவளுடைய சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரசர் இல்ல சித்தி. பசி இருக்கு" என்றாள் டிபோர்.

பிறகு தகரக்கூரை வந்தது. பெஞ்சு வந்தது. ஃபாத்திக்கில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது அங்கிருந்து நீலக்கதவு ஒன்றை வாங்கி, குதிரைவண்டியில் ஏற்றி, தானும் கூடவே நடந்து கொண்டுவந்து மாட்டினாள். சாலையோரத்தில் கதவு வைத்த சாப்பாட்டுக் கடை அது ஒன்றுதான். அந்தக் கடையின் வருமானத்தில் மூத்தவள் ஃபாத்திக்கில் செவிலியர் படிப்பு முடித்தாள், இளையவன் படித்துக்கொண்டிருந்தான்.

ஆனாலும் அவள் கடையைப் பற்றிப் பேசுவதில்லை. மேட்டைப் பற்றித்தான் பேசுவாள். முதல் மழைக்கு முன்னால், அடுப்படி வழிப் பெண்கள் எல்லாரும், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாலும், தியாக்காவுக்கு வந்துவிடுவார்கள். மேட்டில் ஏறி, புளித்த பாலையும் கம்பு மாவையும் சாம்பலில் ஊற்றுவார்கள். யார் பெயரையும் சொல்லி ஊற்ற முடியாது. பெயர்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. "அம்மாக்களே, குடிங்க" என்று மட்டும் சொல்வார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவள், மாதாகோவிலுக்குப் போகிறவள் எல்லாரும் சேர்ந்துதான் ஊற்றுவார்கள். அன்றைக்கு அதில் பேதம் கிடையாது.

ஒருநாள் காலை தியேகான் வந்தான். நகர மன்ற உறுப்பினர், சந்தை விவகாரம் அவன் பொறுப்பு. லத்தீருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. டிபோரை, அம்மா என்பதுபோல மரியாதைக்கு, 'யா' என்றுதான் கூப்பிடுவான். வந்தவன் பெஞ்சில் உட்காராமல் நின்றான். சாப்பிடவும் கேட்கவில்லை. டிபோருக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"யா டிபோர், உடம்பு சுகமா? புள்ளைங்க சுகமா? லத்தீரண்ணன் சுகமா?"

"எல்லாம் சுகம். நீ சுகமா? உன் வீட்டுக்காரி சுகமா? உன் மூஞ்சி மட்டும் ஏன் சுகமில்லாம இருக்கு?"

தியேகான் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "லாரி நிறுத்தம் கட்டப்போறோம் யா. இனிமே ரோட்டுல நிக்கக் கூடாது. போன சந்தையில லாரி ஏறி அந்தப் பொண்ணு கால் என்னாச்சுன்னு நீங்களே பாத்தீங்க."

"நல்ல காரியம். கட்டுங்க. எங்க?"

அவன் எதிர்ப்புறம் பார்த்தான். டிபோரின் கையிலிருந்த கரண்டி பானைக்குள் நின்றுவிட்டது.

"எந்த இடத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கான் யா. இந்தப் பக்கம் உங்க கடை. அந்தாண்ட வயல். சொந்தக்காரன் இல்லாத இடம்னா அது ஒண்ணுதான். மேட்ட எடுத்தா அந்த மண்ண வெச்சே பக்கத்துப் பள்ளத்த நெரப்பிரலாம். ரெண்டு வேலை ஒண்ணாயிரும்."

"சொந்தக்காரன் இல்லையா?"

"பத்திரத்துல இல்ல யா."

"அரசர் கல்லறைக்குப் பத்திரம் இருக்கா?"

"அரசர் வேற, யா."

"எப்புடி வேற? அவர் செத்ததும் மண்ணு, எங்க அம்மாக்க எரிச்சதும் மண்ணு. அவரு சும்மா படுத்துக்கிட்டே மேடானாரு. இவங்க வேலை செஞ்சு மேடாக்கினாங்க."

சீகா அப்போதுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேகான் கெட்டவன் இல்லை. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "சர்வேயர் நாளைக்கு வர்றாரு. முளை அடிச்சு அளந்துட்டுப் போயிருவாரு. வெளியூர்க்காரர். அவருகிட்ட சத்தம் போடாதீங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். நாலு அடி போனவனை டிபோர் கூப்பிட்டாள்.

"யாரு அந்த ஆளு? பேரு என்ன?"

"சானே. தெக்க, காசமான்ஸ் பக்கம்."

டிபோரின் முகம் மாறியதை சீகா பார்த்தாள். பயம் போய், ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது.

"ஜோலாக்காரன்" என்றாள் டிபோர், தியேகான் காதில் விழாதபடி. "அப்ப ஜெயிச்சிட்டோம்டி."

காசமான்ஸின் ஜோலாக்களும் டிபோரின் சனமான சீன் நாட்டுச் செரேர்களும் இரண்டு சகோதரிகளின் பிள்ளைகள். ஒரே படகில் வந்தபோது கடல் நடுவில் படகு உடைந்ததாம். ஒருத்தி தெற்கே கரையேறினாள், ஒருத்தி வடக்கே. அன்றிலிருந்து இந்த இரண்டு சனத்துக்கும் ஓர் உரிமை இருக்கிறது. ஒருவனை ஒருவன் 'என் அடிமை' என்று கூப்பிடலாம், திருடன் என்று சொல்லலாம், தட்டிலிருந்து பிடுங்கித் தின்னலாம். கோபம் வரக்கூடாது. வந்தால் வந்தவனுக்குத்தான் வெட்கக்கேடு. அதைவிடப் பெரிய விஷயம், நாலு பேர் முன்னால் ஒருவன் மற்றவனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. போலீஸ் நிலையத்தில்கூட இது செல்லும். அதிகாரி ஜோலா என்றால் செரேர்க்காரன் பாதி விடுதலை என்பார்கள்.

டிபோரின் திட்டம் இதுதான். தெருச் சனத்தைக் கூட்ட வேண்டியது. அவனைக் கிண்டலடித்துக் கிண்டலடித்துச் சிரிக்க வைக்க வேண்டியது. சிரிப்பின் நடுவில் கேட்டுவிட வேண்டியது.

மறுநாள் காலையில் தெரு கூடியிருந்தது. சீகா யாரிடம் என்ன சொன்னாளோ, கோழி விற்கிறவள் கோழியோடு வந்திருந்தாள். வண்டிக்காரர்கள் குதிரைகளைச் சாலையோரம் கட்டிவிட்டு நின்றார்கள். சர்வேயர் சானே உயரமான, கண்ணாடி போட்ட மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மூன்று காலில் நிற்கும் கருவியை மேட்டின் அடியில் நிறுத்திவிட்டு, சிவப்புச் சாயம் பூசிய முளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு கூட்டம் எதற்கு என்று புரியாமல் தியேகானைப் பார்த்தார்.

டிபோர் இடுப்பில் கைவைத்துச் சாலையைக் கடந்தாள்.

"அடடே, யாரு வந்திருக்கா பாரு. என் அடிமை வந்திருக்கான். ஓடிப்போன நாள்லேருந்து தேடிக்கிட்டிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. சானே சிரிக்கவில்லை.

"பாரேன், மெலிஞ்சு போயிட்டான். அரிசி கிடைக்கலையாக்கும் அங்க. ஒரு பானை அரிசிச் சோத்துக்குப் பெத்த அம்மாவயே வித்துருவானுங்க இவனுங்க. ஏய், வாயத் தொற. நேத்துக் குடிச்ச பனங்கள்ளு இன்னும் தெளியலையா?"

வண்டிக்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். இந்த இடத்தில் ஜோலாக்காரன் ஒருவன் திருப்பி அடிக்க வேண்டும். 'உன்னை வாங்கினவன் ஏமாந்தான்' என்றாவது சொல்ல வேண்டும். ஆனால் சானே கையிலிருந்த முளைகளை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் காது மடல் கருஞ்சிவப்பாகிவிட்டது. டிபோருக்குள் ஏதோ தட்டியது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம்.

"சரி, அடிமையே. எஜமானி கேக்குறேன். இந்த மேட்டத் தொடாம—"

"அம்மா" என்றார் சானே. குரல் உயரவில்லை. "நான் ஜோலா இல்ல."

யாரோ பாதியில் சிரிப்பை விழுங்கினார்கள்.

"சானேன்னு பேரு ஜோலாவுலயும் உண்டு. நாங்க மாண்டிங்கா. காசமான்ஸுக்கும் கிழக்க, பழைய காபு நாட்டுப் பக்கம் எங்க ஊரு. நான் கள்ளு குடிக்கிறதில்ல. எங்க வீட்டுல யாரும் யாருக்கும் அடிமையாவும் இருந்ததில்ல."

தெருவில் கோழி மட்டும் கத்தியது.

உரிமை உள்ளவனை அடிமை என்றால் அது பாசம். உரிமை இல்லாதவனை, வேலைக்கு வந்த விருந்தாளியை, ஊர் கூடியிருக்கும்போது அடிமை என்றால் அது அடிமைதான். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அதை முதலில் புரிந்துகொண்டவள் சீகா. பரம்பரை பாடுகிறவள் அல்லவா.

"டிபோரு" என்றாள் தணிந்த குரலில். "காபுவுல சானே யாருன்னு தெரியுமாடி? மானேயும் சானேயும் அங்க ஆண்ட வீடுக. நம்ம லிங்கேர்களோட முதல் தாய் எங்கேருந்து வந்தா? காபுவுலேருந்து. நீ இப்ப வாயில வந்தபடி பேசினியே, அந்த ஆளு சீன் அரசர்களுக்குத் தாய்மாமன் முறைடி."

தாய்வழியில் கிரீடம் போன ஊரில் தாய்மாமன் என்றால் சும்மாவா. கூட்டத்தில் வயதானவர்கள் தொப்பியைத் தொட்டார்கள். ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டி, "அடுப்படிக்காரி வாய்க்குப் பூட்டு இல்ல" என்றார்.

தியேகான் முன்னால் வந்தான். அவனுக்கு வியர்த்திருந்தது. "போதும் யா. வீட்டுக்குப் போங்க. சார், மன்னிச்சிருங்க. தெரியாமப் பேசிட்டாங்க. நீங்க முளைய அடிங்க."

டிபோர் திரும்பி நடந்தாள். எல்லாரும் அவள் போய்விட்டாள் என்றுதான் நினைத்தார்கள். கடைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் சுரைக்குடுவை, அதில் பானைத் தண்ணீர். சானே முன்னால் வந்து முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் குடுவையை நீட்டினாள்.

"குடிங்க. வந்தவருக்கு முதல்ல தண்ணி குடுக்கணும். நான் முதல்ல வாயக் குடுத்துட்டேன். தப்பு என்னுது, ஊருது இல்ல."

சானே குடுவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். அதன்பிறகு டிபோர் எழுந்து நின்றாள். எழுந்ததும் அந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

"மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப ஒரு விஷயம் சொல்லணும். கேப்பீங்களா?"

"யா டிபோர்..." என்றான் தியேகான்.

"நான் உன்கிட்டப் பேசல தம்பி. இவருகிட்டப் பேசுறேன்." சானே பக்கம் திரும்பினாள். "உங்க ஊருல சொல்லுவாங்களா, உங்க வீட்டுப் பொண்ணுங்க அங்கேருந்து கெளம்பி வந்தத?"

சானே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுவாங்க. எங்க அத்தை கதை கதையாச் சொல்லுவாங்க. சண்டை நடந்தது, தோத்தது, பொம்பளைங்க பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வடக்க நடந்தது. ஆனா நாங்க போனதத்தான் சொல்லுவோம். போய்ச் சேந்தப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

"சாப்பிட்டாங்க" என்றாள் டிபோர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்து சேந்ததும் சாப்பிட்டாங்க. அதுதான் ஆச்சு. நடந்து வந்தவங்களுக்குப் பசிக்காதா? கம்பு தின்னு பழகாத வாயி. எங்க அம்மாக்க இடிச்சு, சலிச்சு, ஆவி கட்டி, பால ஊத்திக் குடுத்தாங்க. அப்புறம் அவங்க வயித்துல அரசருங்க பொறந்தாங்க. பாட்டு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும், இவளக் கேளுங்க" என்று சீகாவைக் காட்டினாள். "அதுக்கு முன்னாடி இருந்த சோத்த யாரும் பாடல. அது இங்க இருக்கு. இது உங்க அக்கா வீட்டு அடுப்பு. உங்க அக்காமாரு சாப்பிட்டது, அவங்க புள்ளைங்க சாப்பிட்டது, அவங்களப் பாக்க வந்த ஊரு சாப்பிட்டது. மூட்டினது நாங்க. நாங்க லிங்கேர் இல்ல. லிங்கேர் ஆகணும்னு ஆசையும் இல்ல. லிங்கேருக்குப் பசி ஆத்தினவங்க. அந்தப் பேரு எங்களுக்குப் போதும். ஆனா அத மண்ணுன்னு சொல்லிப் பள்ளத்துல கொட்டக் கூடாது."

சானே மேட்டின் பக்கம் நடந்தார். மழை அரித்த ஓரத்தில் குனிந்து, விரலால் ஒரு சட்டி விளிம்பைத் தொட்டார். எடுக்கவில்லை. தொட்டுவிட்டு, கையிலிருந்த சாம்பலைத் தட்டாமல் நின்றார்.

"என்னால ஒரு மேட்டக் காப்பாத்த முடியாது அம்மா" என்றார் கடைசியில். "கோடு எங்க போகுதுன்னு சொல்லத்தான் என்னால முடியும். நேத்து வரைபடத்தப் பாத்தப்பவே ரெண்டு கோடு தெரிஞ்சுது. ஒண்ணு இந்தப் பக்கம். இன்னொண்ணு..." அவர் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டிபோர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறது என்று.

தியேகான்தான் சொன்னான். "அந்தப் பக்கம் உங்க கடை யா. இடம் சரியா இருக்கும். அத மன்றத்துலயே பேசினோம். உங்க பொழப்பக் கெடுக்கக் கூடாதுன்னுதான் மேட்டப் பாத்தோம். நான்தான் சொன்னேன், யா டிபோர் கடை வேணாம்னு. கடைய மாத்திக்கக் கடைத்தெருவுல வேற மனையும் காலி இல்ல. நான் பொய் சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

இதுவரை ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வேடிக்கை பார்த்த கூட்டம் இப்போது விலகி நின்றது. டிபோர் தன் கடையைப் பார்த்தாள். தகரக்கூரை, அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் வைத்த கல், பெஞ்சு, கதவு. உள்ளே அடுப்பில் மத்தியானக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிக்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டிருக்கும். லாரிக்காரர்கள் இறங்கி நேராக வந்து உட்கார்கிற இடம் அது. மீதி இருப்பது மேட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம்தான், அங்கே போனால் யார் தேடி வரப்போகிறார்கள்? இளையவனுக்குப் படிப்பு இன்னும் இருக்கிறது. லத்தீருக்கு முழங்கால் வலி என்று போன வாரம்தான் பேசினார்.

"லத்தீரக் கேக்க வேணாமாடி?" என்றாள் சீகா மெதுவாக.

"லத்தீர் அங்க அடுத்தவன் வீட்டக் காக்குறாரு. இங்க எங்க வீட்ட நான் காக்குறேன்" என்றாள் டிபோர். "மன்றம் என்ன சொல்லும், தியேகான்?"

"நீங்களே கடைய எடுத்துட்டா யாரு என்ன சொல்ல முடியும்? அதுக்காகத்தானே மேட்டுப் பக்கம் போனோம்."

"ஊரு முன்னாடி சொல்லு."

தியேகான் தொப்பியைக் கழற்றினான். "மேட்டத் தொட மாட்டோம். என் அம்மா மேல சத்தியம்."

"அம்மா மேல பண்ணினியா, நல்லது. அவதான் கேப்பா உன்னய." டிபோர் கீழே கிடந்த முளைகளில் ஒன்றை எடுத்தாள். சாலையைக் கடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது. கடைக்குள் நுழைந்து, குழம்புப் பானையை இறக்கி வெளியே வைத்தாள். கம்புச் சோற்றுப் பானையை இறக்கி வெளியே வைத்தாள். அடுப்புத் தணலைக் கிளறி அணைத்துவிட்டு, சானேயைக் கூப்பிட்டாள்.

"எங்க அடிக்கணும்? சரியாச் சொல்லுங்க. உங்களுக்கு அளவு முக்கியம்."

சானே வாசலில் தயங்கி நின்றார். கருவியின் பக்கம் போனார், கண்ணை வைத்துப் பார்த்தார், கையைக் கொஞ்சம் இடதாக அசைத்தார். டிபோர் கையிலிருந்த முளை அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அங்கதான் அம்மா" என்றார். "நான் அடிக்கிறேன், விடுங்க."

"நீங்க விருந்தாளி" என்றாள் டிபோர். உலக்கையின் தலையால் முளையை அடித்தாள். கம்பு இடித்த கை. இரண்டாவது அடியிலேயே அது மண்ணுக்குள் பாதி போய்விட்டது.

வண்டிக்காரர்களில் ஒருவன் சொல்லாமலே கூரைமேல் ஏறினான். இன்னொருவன் தகரத்தைக் கீழிருந்து வாங்கினான். கோழிக்காரி கோழியை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சட்டிகளைத் தூக்கினாள். தியேகானே கதவைக் கழற்றினான். கீல் துருப்பிடித்திருந்ததால் நேரமானது. கழற்றி முடித்ததும், தன் முதுகில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து மேட்டோரம் சாத்தி வைத்தான். டிபோர் ஒன்றையும் தூக்கவில்லை. நடுவில் நின்று, "அத மெதுவா", "அது எண்ணெய்", "குருட்டுப்பயலே, அது ஒடையும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒருமுறை குரல் உடைந்தது. புகை என்றாள். அடுப்பு அணைந்து நேரமாகியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மத்தியானத்துக்குள் அங்கே கடை இருந்த சுவடு கறுத்த மண் மட்டும்தான். சாலையின் மறுபுறம் மேட்டின் நிழலில், பாய்களை விரித்து, பெரிய மரத்தட்டுகளில் கம்புச் சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றினாள் டிபோர். யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. கூரை பிரித்தவர்கள் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சானே தள்ளி நின்று கருவியை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமானத்த அப்புறம் மடிக்கலாம். வாங்க, சோறு ஆறுது" என்றாள் டிபோர்.

"எனக்கு அடுத்த ஊருல வேலை இருக்கு அம்மா."

"அது தெரியும். காபுலேருந்து வந்தவங்க யாரும் இங்க சாப்பிடாமப் போனதில்ல. நீங்க புதுசா ஒண்ணும் தொடங்காதீங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் கவளத்தை அவர் சரியாக உருட்டவில்லை, மணிக்கட்டில் வழிந்தது. சீகாவுக்கு அதைப் பார்த்ததும் வாய் தாங்கவில்லை.

"தாய்மாமனுக்கு இன்னும் கம்பு பழகலைடி."

"முதல் தடவ யாருக்குப் பழகுச்சு?" என்று சொல்லி, டிபோர் தட்டின் நடுவிலிருந்த மீன் துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். சானே சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, வெற்றிடத்தைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தவறான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

டிபோர் எழுந்து நின்றாள். தெருக்கோடி வரை கேட்கிற அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"இங்க, இங்க. லிங்கேர் வீட்டு அடுப்பு இங்க இருக்கு. வா, சூடா இருக்கு."